மதியம் மட்டும் நின்ற கார்: மொட்டை மாடி ஸ்லாட் கார் பாதை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு வீடு. மொட்டை மாடியில் தகர ஷீட் கூரை போட்ட அறை, 14 அடிக்கு 10 அடி. வீட்டுக்காரர் அலுவலக வேலை பார்ப்பவர். மகன் ஒன்பதாம் வகுப்பு. அக்கா மகன் ஐடிஐ-யில் எலக்ட்ரிக்கல் முடித்தவர், பக்கத்துத் தெரு. மூவரும் சேர்ந்து 1/32 அளவு (நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு) கார்கள் ஓடும் இரண்டு லேன் பாதையை, சுற்றிலும் மதுரை மண்ணின் காட்சியோடு கட்டத் தொடங்கியது ஒரு ஜனவரியில். அடுத்த ஜனவரியில் மலையை அறுத்து எடுக்கும் வரை நடந்ததே இந்தப் பதிவு.

ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்கு: சாலையின் நடுவே ஒரு காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், ஓடும். காரின் மூக்குக்கு அடியில் உள்ள கைடு அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இரு பக்கமும் ஒட்டிய செம்புப் பட்டையிலிருந்து கைடில் மாட்டிய பிரெய்டு (பின்னிய கம்பிப் பட்டை) கரன்ட்டை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். கையிலுள்ள கன்ட்ரோலரில் வேகம் மட்டும்தான், ஸ்டியரிங் கிடையாது. விசையை விட்டதும் மோட்டாரின் இரு முனையும் ஒன்றோடொன்று இணைந்து பிரேக் பிடிக்கும். அதனால்தான் கன்ட்ரோலரில் மூன்று வயர்.

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பாதையை விட்டு மரப்பலகையில் காடி வெட்டலாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் வளைவுகள். பெட்டியில் வரும் வளைவு எல்லாம் ஒரே அச்சு. பலகையில் வெட்டினால் வளைவு நம் கையில்.

பலகையும் காடியும் (பிப்ரவரி)

8x4 அடி, 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்று முழுதாகவும், இன்னொன்றில் பாதியும் வாங்கி, 12 அடிக்கு 4 அடி மேசை. அடியில் ஒரு அங்குல சதுர இரும்புப் பைப்பை வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் செய்த ஃப்ரேம். பலகைகள் இரண்டும் ஃப்ரேமில் நேராக ஸ்குரூ போட்டு இறுக்கப்பட்டன. எட்டாவது அடியில் இணைப்புக் கோடு. வெறும் பசையும் நான்கு எல் கிளாம்பும் மட்டுமே அதைப் பிடித்திருந்தன. இந்த வரியை நினைவில் வையுங்கள்.

கடைக்காரர் ஈரம் தாங்கும் எச்டிஎச்எம்ஆர் பலகையையும் காட்டியிருக்கிறார். விலை கூடுதல், எடையும் கூடுதல். சாதாரண எம்டிஎஃப் வாங்கப்பட்டது.

பாதையின் வடிவம் அவரைவிதை போல, முன்பக்கம் உள்ளே வளைந்தது. இரண்டு காடிகளுக்கும் இடையே 95 மி.மீ., விளிம்பிலிருந்து வெளிக்காடிக்கு 100 மி.மீ. வெளி லேன் 8.4 மீட்டர், உள் லேன் 7.8 மீட்டர் வந்தது. மூடிய வளையத்தில் லேன்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளாவிட்டால், வடிவம் எதுவானாலும் வெளி லேன் இடைவெளியைப் போல இரண்டு பை (2π) மடங்கு நீளமாகத்தான் இருக்கும். 95 மி.மீ.-க்கு அது சுமார் 60 செ.மீ. இதைச் சரிக்கட்ட முயன்று ஒரு வாரம் காகிதத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். கடைசியில் பந்தயத்துக்குப் பந்தயம் லேன் மாற்றிக்கொள்வது என்று விட்டது சரியான முடிவு.

தெருவில் இருந்த தச்சர், காடி வெட்டும் கை மெஷினான ட்ரிம் ரவுட்டரோடு வந்தார். 1/8 அங்குல நேர் பிட், அதாவது 3.2 மி.மீ. அகலக் காடி. ஆழம் 7.5 மி.மீ. கைடு 6 மி.மீ. இறங்கும், மிச்சம் தூசிக்கு. முழு ஆழத்தையும் ஒரே இழுப்பில் வெட்டப்போய் முதல் அரை மணி நேரத்தில் இரண்டு பிட் ஒடிந்தன. தூள் வெளியேற வழியில்லாமல் காடிக்குள்ளேயே அடைந்து, பிட் சூடேறி, கருகல் வாசனை வந்த பிறகு ஒடிந்தது. அப்புறம் 2.5 மி.மீ. வீதம் மூன்று இழுப்பு, வாக்குவம் குழாயை பிட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு. வேறு பிட் ஒடியவில்லை.

வளையும் பிவிசி பட்டையைச் சிறு ஆணிகளால் பலகையில் அடித்து, அதை ஒட்டி ரவுட்டரை ஓட்டி முதல் காடி. இரண்டாவதற்குத் தச்சர் செய்தது எளிமை. ரவுட்டர் அடித்தட்டில் ஒரு அக்ரிலிக் துண்டைச் சேர்த்து, பிட்டிலிருந்து சரியாக 95 மி.மீ. தள்ளி 3 மி.மீ. ஆணி ஒன்றைப் பதித்தார். ஆணி முதல் காடிக்குள் ஓட, பிட் இரண்டாவதை வெட்டிக்கொண்டே வந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே எங்கும் அரை மி.மீ. கூட மாறவில்லை.

பெயின்ட், டேப், முதல் ஓட்டம் (மார்ச்)

மேல்பக்கம் பிரைமர் ஒன்று, சாம்பல் நிற மேட் எமல்ஷன் இரண்டு கோட், சிறு ஸ்பாஞ்ச் ரோலரில். அடிப்பக்கம் பச்சையாக விடப்பட்டது. "அடியில யார் பாக்கப் போறா" என்று தச்சரே சொன்னதாகத் தகவல். காடியின் உட்சுவரிலும் எதுவும் பூசவில்லை.

6 மி.மீ. அகலக் காப்பர் டேப், 20 மீட்டர் ரோல் மூன்று. தேவை 32 மீட்டர் சொச்சம்தான். மிச்சம் பின்னால் உதவியது. காடி விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி ஒட்டி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தார்கள். வளைவில் டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் அன்று அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் உள்விளிம்பு எழும்பும். வெளிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்விளிம்பில் சுருக்கம் விழ விட்டு, சுருக்கங்களைக் கரண்டியால் மடித்துத் தட்டையாக்குவதே முறை. பலகை இணைப்பில் டேப் தொடர்ச்சியாகவே போனது. உறுதிக்காக அங்கே மேலே சால்டரும் வைத்தார்கள். இரண்டு இடத்தில் பாதை இணைப்பைக் கடக்கிறது, லேன் இரண்டு, லேனுக்கு டேப் இரண்டு. ஆக எட்டுக் கடப்புகள்.

முன்பக்கம் இடது ஓரத்தில் ஒரே ஃபீடு, அதாவது டேப்புக்குக் கரன்ட் கொடுக்கும் இடம். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர்.

1957-ல் பிரிட்டனில் வந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் போன்ற பெட்டிப் பாதைகளில் ஓடும் இன்றைய கார்களின் அடியில் காந்தம் உண்டு. இரும்புத் தண்டவாளம் அதை இழுத்துப் பிடிக்கும். செம்பு காந்தத்தைப் பிடிக்காது. ஆகவே கார் முதல் வளைவிலேயே வாலைச் சுழற்றிக்கொண்டு வெளியே பறந்தது. காந்தத்தைக் கழற்றி, மீன்வலையில் கோக்கும் ஈயக்குண்டைத் தட்டித் தகடாக்கி, கைடுக்குப் பின்னால் 15 கிராம் ஒட்டியதும் அடங்கியது. மார்ச் கடைசியில் ஒரு சுற்று நாலரை விநாடி. எல்லாம் சரி என்றே தோன்றியிருக்கும்.

யானைமலை (ஏப்ரல்)

இணைப்புக் கோடு கண்ணை உறுத்தியது. பின்பக்க நேர்ப்பாதையில் அந்தக் கோட்டின் மேலேயே, மதுரைக்குப் பக்கத்திலுள்ள யானைமலையைக் கட்டி மறைத்துவிடுவது என்று முடிவு. நிஜ யானைமலையின் வயிற்றுக்குள் சாலை போகவில்லை. மேசையில் 80 செ.மீ. குகைப்பாதை போனது.

மலை, 50 மி.மீ. தெர்மாகோல் தட்டுகளை அடுக்கிச் செதுக்கியது. தெர்மாகோலைக் கரைக்கும் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதன் பக்கமே வரக் கூடாது. ஃபெவிகாலும் மூங்கில் குச்சியும் போதும். மேலே காடாத்துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் தோய்த்துப் போர்த்தினார்கள். காய்ந்த பின் பழுப்புச் சாம்பல் அடிப்படை நிறம். அதன் மேல் நன்றாகத் தண்ணீர் கலந்த கறுப்பை உச்சியிலிருந்து தானாக வழிய விட்டது அருமையான யோசனை. மழைநீர் ஓடிய கறுப்புத் தாரைதான் ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்ப்பவருக்கு யானைமலையை அடையாளம் காட்டுவது. தூரிகையால் வரைந்தால் அது வரிக்குதிரை ஆகிவிடும்.

பனைமரத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். 15 மீட்டர் மரம் 1/32-ல் 47 செ.மீ. அத்தனை உயரம் வைத்தால் மலை குட்டையாகிவிடும். முன்னால் 30 செ.மீ., பின்னால் போகப் போக 12 செ.மீ. என்று குறைத்ததில் தூரம் கூடியது. தண்டு, கம்பியில் சுற்றிய தேங்காய்நார்க் கயிறு. மட்டை, காய்ந்த பனையோலையைக் கத்தரியால் விசிறியாக வெட்டியது. வேடிக்கை பார்க்கும் ஆட்கள் விளாச்சேரி மண்பொம்மைகளிலிருந்து வந்தவர்கள். ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் வரை ஆள் என்றால் பொம்மை 4 முதல் 5.5 செ.மீ. கொலு வரிசையில் அந்த அளவுக்குத் தேடினால் கிடைக்கும்.

சாலையோரத்துக்கு வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்துத் தூவினார்கள். இரண்டே நாளில் மோட்டார் முனகியது. மணலில் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள் கொஞ்சம் இருக்கும். மோட்டாரின் காந்தம் அதைத் தேடி இழுத்துக்கொள்ளும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மணலில் மூன்று முறை துழாவியதும் பையில் கறுப்புமீசை. அதன் பிறகு தூவிய மணல் தொல்லை தரவில்லை.

கடைசியாக மலையைப் பலகையோடு ஃபெவிகால் போட்டு நிரந்தரமாக ஒட்டினார்கள்.

முதல் அறிகுறிகள் (மே, ஜூன்)

கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலை முதல் ஓட்டினார்கள். மே இரண்டாம் வாரம், வெளி லேன் கார் வலது ஓர வளைவில் தளர்ந்தது. மதியம் இரண்டு மணிக்கு நின்றே போனது. இரவில் பழையபடி ஓடியது. உள் லேனில் குறை எதுவும் இல்லை.

இந்த நேர வேறுபாடுதான் முக்கியமான துப்பு. ஆனால் அதை யாரும் அப்போது எழுதி வைக்கவில்லை. "வெயிலுக்கு மோட்டார் சூடாகுது" என்று விட்டுவிட்டார்கள்.

திசை மாறிய முயற்சிகள்

முதலில் அடாப்டர் மேல் சந்தேகம். 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வாங்கி மாற்றினார்கள். ஒரு கார் கிளம்பும்போது மற்றது திணறும் பழைய குறை போனது, லாபம்தான். வளைவில் தளர்வு அப்படியே. அடுத்து பிரெய்டு, மோட்டார், கார். காரை மாற்றியும் அதே இடத்தில் தளர்கிறது என்றால் குறை காரில் இல்லை என்பது அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது டேப்பைச் சுத்தம் செய்தது. வீட்டிலிருந்த அப்பத்தா, "செம்புதானப்பா, புளியப் போட்டு ஒரு தேய்ப்புத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிரும்" என்றார். செம்புக் குடத்துக்கு அது சரி. இங்கே புளித்தண்ணீர் டேப்பின் விளிம்பு வழியே பசைக்குள்ளும், பூச்சு இல்லாத காடிக்குள்ளும் இறங்கியது. இரண்டு நாள் மின்னிய டேப் மூன்றாம் நாள் முன்னைவிடக் கறுத்தது. ஒரு சாண் நீளத்துக்குக் காடி விளிம்பு உப்பிப் பஞ்சு போலானது. காப்பர் டேப்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணி போதும், அதுவும் மாதம் ஒரு முறை.

கடைசியாக எஸ்எம்பிஎஸ்-ஸின் திருகைத் திருப்பி 14 வோல்ட்டுக்கு ஏற்றினார்கள். ஃபீடுக்குப் பக்கத்தில் கார் பறந்து விழுந்தது, வலது ஓரத்தில் இன்னமும் ஊர்ந்தது. இது தோல்வி என்றாலும் பயனுள்ள தோல்வி. குறை ஓரிடத்துக்கு மட்டும் உரியது என்பதைக் கண்ணால் காட்டியது.

பல்பு வைத்து அளந்த மதியம்

மல்டிமீட்டரை வீட்டுக்காரர் முன்பே வைத்துப் பார்த்திருந்தார். எங்கே தொட்டாலும் 12.1 வோல்ட். அதனால்தான் பாதை மேல் சந்தேகமே வரவில்லை. அக்கா மகன் வந்ததும் சொன்னது: "மாமா, லோடு இல்லாம பாத்தா மீட்டர் நல்லாத்தான் காட்டும். எதையாவது எரிய விட்டுப் பாருங்க."

மீட்டர் எடுப்பது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு கரன்ட். மயிரிழைத் தொடர்பு கூட அதற்குப் போதும், முழு வோல்ட்டும் காட்டும். முக்கால் ஆம்பியர் இழுத்தால்தான் தொடர்பின் யோக்கியதை தெரியும். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பில் இரண்டு வயரைச் சால்டர் செய்து, டேப்பின் மேல் அழுத்திப் பிடித்து, அதே இடத்தில் மீட்டரை வைத்து அளந்தார்கள். பல்பு சுடும், துணியால் பிடிக்க வேண்டும். மதியம் இரண்டரை மணிக்கு, ஃபீடிலிருந்து ஓடும் திசையில் வெளி லேனில் கிடைத்தவை:

1 மீட்டரில் 12.0
2.5 மீட்டரில் 9.6
4 மீட்டரில் 9.5
5.5 மீட்டரில் 11.8
7 மீட்டரில் 11.9

இரவு பத்து மணிக்கு 2.5 மீட்டரில் 11.5.

35 மைக்ரான் தடிமனுள்ள 6 மி.மீ. செம்பு டேப்பின் தடை மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம். வளையத்தின் எந்தப் புள்ளிக்கும் இரண்டு திசையிலிருந்தும் கரன்ட் வருவதால், டேப் முழுதாக இருந்தால் எங்கே அளந்தாலும் அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் காரணமே இல்லை. இரண்டரை வோல்ட் விழுகிறது என்றால் வளையம் உடைந்திருக்கிறது. குறை தொடங்குவது 1.8 மீட்டரில் உள்ள முன்பக்க இணைப்பில். முடிவது 4.6 மீட்டரில் உள்ள பின்பக்க இணைப்பில், யானைமலையின் வயிற்றுக்குள்.

சிறு கண்ணாடியைக் கம்பியில் கட்டிக் குகைக்குள் நீட்டி, செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வெளி லேனின் ஒரு டேப், சால்டர் வைத்த ஓரத்தில் பிளேடால் கீறியது போல முழுதாக அறுந்திருந்தது. முன்பக்கம், தொடக்கக்கோடு வரைந்த வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் அதே டேப்பில் மயிரிழை விரிசல்.

ஏன் அறுந்தது

குகைக்குள் டேப் அறுந்தது எப்போது என்று தெரியாமல் போனதற்குக் காரணம், ஒரு அறுப்பு மட்டும் இருந்தால் கரன்ட் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். கார் ஓடும். இரண்டாவது விரிசல் வந்த பிறகே இரண்டுக்கும் நடுவிலுள்ள 2.8 மீட்டர் தவித்தது.

அறுத்தது இரும்பும் மரமும் எதிரெதிராக நகர்ந்தது. தகரக் கூரைக்குக் கீழே இரவுக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 12 அடி இரும்பு ஃப்ரேம் அதற்கு 0.6 மி.மீ.-க்கு மேல் நீளும். சித்திரை, வைகாசியில் பலகையோ காய்ந்து சுருங்கும். பலகை ஃப்ரேமில் இறுக ஸ்குரூ போடப்பட்டிருக்கிறது, நெகிழ இடமில்லை. இழுவை முழுதும் பசையும் எல் கிளாம்பும் மட்டும் பிடித்திருந்த இணைப்புக் கோட்டில் விழுந்தது. சால்டர் வைத்த இடம் விறைப்பானது, வளையாது. அதன் ஓரத்தில் டேப் கிழிந்தது. மதியம் இடைவெளி விரியும்போது தொடர்பு போகும், இரவில் சேரும்போது வரும்.

எடுத்த முடிவு, காரணத்தோடு

மலையை அறுப்பதா, விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதா என்று இரண்டு நாள் பேச்சு. தற்காலிக வழியே தேர்வானது. மகனுக்கு விடுமுறை முடிய ஒரு வாரம்தான், மலையோ ஒரு மாத உழைப்பு. வலது ஓர வளைவில் 3.2 மீட்டரில் டேப்புக்கு ஒட்டி 3 மி.மீ. துளை போட்டு, அடியிலிருந்து ஒரு சதுர மி.மீ. பல இழை வயர் கொண்டு வந்து, இரண்டு லேனுக்கும் இரண்டாவது ஃபீடு. லேனுக்கு ஒரு 3 ஆம்பியர் ஃப்யூஸும் அப்போதுதான் சேர்ந்தது. 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வைத்துவிட்டு ஃப்யூஸ் இல்லாமல் ஓட்டியது நல்ல வேளையாக எதையும் எரிக்கவில்லை. மறுநாள் மதியம் பல்பு அளவு எங்கும் 11.7-க்குக் கீழே போகவில்லை.

இந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இது கரன்ட்டுக்கு மட்டும் வைத்தியம். இணைப்பு அப்படியே இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை

மழை தொடங்கியதும் பூச்சில்லாத அடிப்பக்கம் ஈரத்தை இழுத்தது. மேல்பக்கம் பெயின்ட் தடுத்தது. ஒரு பக்கம் மட்டும் உப்பினால் பலகை வளையும். இணைப்பில் ஒரு பலகை மற்றதைவிட இரண்டு விசிட்டிங் கார்டு உயரம் ஏறி நின்றது. புளி பட்ட இடத்தில் 3 மி.மீ. டிரில் பிட்டின் தண்டு காடிக்குள் இறங்க மறுத்தது. குகைக்குள் கார் அந்தப் படியில் தட்டிக் கவிழும். கை போகாது. துணி காயப்போடும் கம்பியில் கொக்கி வளைத்துத் தொரட்டி போட்டு வெளியே இழுப்பார்கள். தீபாவளி விடுமுறையில் ஒரு பகலில் பதினோரு முறை என்று மகன் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார்.

அடிவாரத்துப் பாறைகளைக் காகிதக்கூழில் மைதாப் பசை கலந்து செய்திருந்தார்கள். அதைக் கரப்பான் அரித்ததும் இதே மாதத்தில். போஸ்டர் பசையில் போடுவது போல மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்த்திருந்தால் தப்பியிருக்கும். அது விஷம், பிள்ளைகள் கையில் படாமல் கலக்க வேண்டும்.

மலையை அறுத்தது (ஜனவரி)

பொங்கல் கழிந்து, காற்று காய்ந்த பிறகு வேலை. ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, பலகையை ஒட்டியே மலையை அறுத்தார்கள். முக்கால் மணி நேரம். இரண்டு இடத்தில் பிளாஸ்டர் உடைந்தது. மலைக்கு 6 மி.மீ. பிளைவுட் அடித்தட்டு, நான்கு மூங்கில் முளை. இப்போது இரண்டு கையால் தூக்கி வைத்துவிடலாம்.

ஃப்ரேமின் ஸ்குரூ துளைகளை நீளவாட்டில் அரத்தால் ராவி, பெரிய வாஷர் போட்டு, பலகை நகர இடம் கொடுத்தார்கள். இணைப்புக்கு அடியில் 15 செ.மீ. அகல 12 மி.மீ. பிளைவுட் பட்டையைப் பசையும் ஸ்குரூவும் போட்டுப் பிடித்ததில் இரண்டு பலகையும் ஒன்றாயின. மேலே எபாக்ஸி பட்டி, உப்புத்தாள், பிறகு இணைப்பில் மட்டும் காடியை மறுபடி வெட்டினார்கள். அடிப்பக்கம் ஆயில் பிரைமர் இரண்டு கோட், காடிக்குள் மெல்லிய தூரிகையால் சாண்டிங் சீலர் ஒரு கோட்.

எட்டுக் கடப்பிலும் டேப்பை வெட்டி, 2 மி.மீ. இடைவெளி விட்டார்கள். முனைகளைச் சிறு துளைக்குள் மடித்து, அடியில் தளர்வான வயரால் இணைத்தார்கள். பிரெய்டு 2 மி.மீ. இடைவெளியை உணராது. பலகை நகர்ந்தால் வயர் நெகிழும், டேப் இழுபடாது.

பிறகு

அடுத்த சித்திரையில் மதிய அளவு எங்கும் 11.7 வோல்ட்டுக்கு மேல். அதற்கடுத்த மழையில் இணைப்பில் படி எழவில்லை. வலது வளைவில் இழுத்து ஒட்டியிருந்த ஒரு முழ டேப் மட்டும் வெயிலில் எழும்பியது. மிஞ்சிய ரோலிலிருந்து புதிதாக ஒட்டப்பட்டது.

மறுபடி கட்டினால்

பலகை எச்டிஎச்எம்ஆர், வெட்டியதும் ஆறு முகமும் காடியும் பூசப்படும். ஃப்ரேம் இரும்பே ஆகட்டும், ஆனால் துளைகள் முதல் நாளே நீள்துளைகள். இணைப்பு ஒவ்வொன்றிலும் டேப் வெட்டப்பட்டு வயரால் கடக்கும், ஃபீடு மூன்று மீட்டருக்கு ஒன்று. மலை, பனை, பொம்மை எதுவும், பாதை ஒரு கோடை மதியத்தையும் ஒரு மழை வாரத்தையும் பல்பு அளவோடு தாண்டாமல் மேசைக்கு வராது. மலைக்குப் பின்பக்கம் கை போகும் அளவு, 20 செ.மீ.-க்கு 12 செ.மீ., ஒரு திறப்பு. அதை இந்த மலையிலேயே வெட்டிவிட்டார்கள். தொரட்டி இன்னும் அறையின் மூலையில் சாத்திக் கிடக்கிறது. துணி காயப்போட வீட்டில் வேறு கம்பி வாங்கிவிட்டார்கள்.